என் பெயரில் எடுத்த ஒரே புத்தகம்

கல்லூரி நூலகத்தில் அட்டை முறையை எடுத்துவிட்டார்கள். புத்தகத்தை ஒரு சிவப்பு வெளிச்சத்தில் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, அதோடு வேலை முடிந்தது. இப்போது கவுண்டரில் உட்காரும் பிள்ளைகள் இருவர் போன மாதம் நாகல் நகரில் என் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்கு நான் எழுத வேண்டுமாம், அந்தக் காலத்தில் எல்லாம் எப்படி நடந்தது என்று. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளிடம் வந்து கட்டுரை கேட்கிறீர்களே என்று சிரித்தேன். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கணவர் போன பிறகு, கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு அந்த நூலகத்துக்குள் நுழைந்தேன். நூலகர் குருசாமி சார் ஒருநாள் கீழே விழுந்து கிடந்த புத்தகங்களை எண் பார்த்து அடுக்கச் சொன்னார். எண் எனக்கு நன்றாக வரும். அதற்கப்புறம் விளக்குமாறு வேறொருத்தி கைக்குப் போனது, முத்திரைக் கட்டை என் கைக்கு வந்தது. அட்டை எடுப்பது, தேதி குத்துவது, கிழிந்ததை ஒட்டுவது, வாசிக்கும் கூடத்தில் சத்தம் வராமல் பார்ப்பது, எல்லாம் நான்தான். கூடத்தில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் நான் தலையைத் தூக்கினால் போதும். பேராசிரியர்களே மெதுவாக நடப்பார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒட்டும் வேலையைச் சாரே சொல்லிக்கொடுத்தார். மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். அதிகமானால் தாள் நிறம் மாறிவிடும். முதுகு விட்டுப்போன புத்தகத்துக்குக் காலிகோ துணியை நீளவாக்கில் வெட்டி, பசை தடவி, எலும்பு சேர்த்துக் கட்டுகிற வைத்தியர் மாதிரி இரண்டு பக்கமும் சமமாக இழுத்து ஒட்ட வேண்டும். பிறகு இரும்பு அழுத்தியில் வைத்துத் திருகிவிட்டு, மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது.

குருசாமி சார் மெலிந்த மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால், துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். விதி என்றால் அவருக்கு விதிதான். தவணை நீட்டிக்க வேண்டுமானால் புத்தகமும் நேரில் வர வேண்டும், எடுத்தவரும் நேரில் வர வேண்டும், கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டும். ஒருமுறை முதல்வர் தன் புத்தகத்தைப் பியூனிடம் கொடுத்தனுப்பினார். சார் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. "அவங்களையே வரச் சொல்லுங்க" என்றார். முதல்வரும் வந்தார். மாணவர்களுக்குப் பின்னால் நின்றார்.

அந்தச் சாரிடம் பழகியவள் நான். இனி தண்டபாணிக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, ஆங்கில எம்.ஃபில். படிக்க வந்தவன் தண்டபாணி. ஆயக்குடியில் கொய்யாத் தோட்டக்காரர் மகன். அந்தப் பக்கத்துப் பேச்சு, வாய்க்கு வாய் 'ங்க' வரும். நடை மெது, குரல் மெது. வாசிக்கும் கூடத்தில் இளங்கலைப் பையன்கள் சிலர் அவன் நடப்பது போல நடந்து காட்டுவார்கள். "ஏலே, பாணியக்கா வருது, சீட்டு விடுங்கடா" என்று ஒருத்தன் ஒருநாள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன். "அப்பு, இன்னொரு தடவ அந்தப் பேரு இங்க கேட்டுச்சு, ஒன் அட்டைய நான் தேடிக்கிட்டே இருப்பேன். பரிச்ச முடியிற வரைக்கும் கெடைக்காது" என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆனாலும் தண்டபாணி கூடத்தில் உட்காராமல், உள்ளே நான் ஒட்டுகிற மேசைக்கு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தான். சார் பார்த்தார், கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

அவன் கொண்டு வந்து உட்காரும் புத்தகம் எனக்குத் தெரிந்த புத்தகம். பச்சைத் துணி அட்டை. வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. முதுகு விட்டுப்போய் நான்தான் காலிகோ போட்டிருந்தேன். உள்ளே அமெரிக்கக் கதைகள். நூறு வருடத்துக்கு முந்தியவை என்றான். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். அந்தக் கதைகளில் கெட்டுப்போன பையன்கள் நிறைய வருகிறார்கள், அவர்களைப் பற்றி என்றான். கெட்டுப்போனவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றேன்.

பசை காய்வதற்குள் ஒரு கதையைத் தமிழில் சொன்னான்.

ஒரு ஆற்றங்கரை ஊர். அம்மா இல்லாத பையன். பள்ளிக்கூடம் போக மாட்டான், பொய் சொல்வான், எவனிடமும் ஒட்ட மாட்டான். படகுத்துறைக்காரர் மகன் ஒருவனோடு மட்டும்தான் சேர்க்கை. நாளெல்லாம் படகிலேயே கிடப்பான். அந்தப் படகுக்காரர் மகனுக்கு அக்கரையில் கல்யாணம் நிச்சயமாகிறது. மறுநாள் மாப்பிள்ளை கிளம்ப வேண்டும். அதற்கு முந்தின நாளே இந்தப் பையன் படகுக்கு நெருப்பு வைத்துவிடுகிறான். நீதிபதி ஏன் வைத்தாய் என்று கேட்கிறார். வாயே திறக்கவில்லை. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

"ரெண்டு அடி போட்டு வளத்திருந்தா சரியா இருந்திருப்பான்" என்றேன் நான்.

"எல்லாரும் அதையேதானுங்கம்மா சொல்றாங்க. அம்மா இல்லாத புள்ள, வறுமை, ஊரு சரியில்ல, இப்படித்தான் எங்க பாடப் புத்தகத்துலயும் போட்டிருக்கு." அவன் பச்சைப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். "ஆனா நெருப்பு வெக்கறதுக்கு முந்தி அவன் ஒரு காரியம் பண்றானுங்க. படகுல அந்தப் பையனோட கோட்டு கெடக்குது. அத எடுத்துட்டு வந்து, அதோட கைய உள்ள மடிச்சு, கரையில வெக்கறான். காத்துல போயிராம மேல ஒரு கல்லு வெக்கறான். அப்புறந்தான் நெருப்பு வெக்கறான்."

என் கை பசையில் நின்றுவிட்டது. பிறகு, "அந்தப் பய வந்து கோட்ட எடுத்தானா?" என்று கேட்டேன்.

"கதையில இல்லீங்க."

ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தான், அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை, ஊருக்கும் இல்லை, அதனால் ஊர் அவனைத் திருடன், பொய்யன், கிறுக்கன் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டது. இதுதான் தண்டபாணியின் ஆராய்ச்சி. அந்தப் புத்தகத்தில் இருந்த மற்ற கதைகளிலும் இப்படியே ஒவ்வொரு பையனாகக் காட்டினான். கல்லூரியில் பாடமாக வைத்திருந்த சின்னப் புத்தகத்தில் கதையைச் சுருக்கும்போது அந்தக் கோட்டு விஷயத்தையே எடுத்துவிட்டார்கள். முழுக் கதை எங்கள் நூலகத்தில் இந்தப் பச்சைப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. இப்போது போலக் கைபேசியைத் தட்டினால் வருகிற காலமில்லை. நகல் எடுக்கலாம் என்றால், தாள் நொறுங்குகிற புத்தகத்தை மெஷினில் கவிழ்க்கக் கூடாது என்பது சாருடைய விதி. அவன் கையால்தான் எழுதிக்கொண்டான்.

அவனுக்கு வழிகாட்டி, துறைத் தலைவர் பிரேமா மேடம். முதலில் அவர் இந்தத் தலைப்பு வேண்டாம் என்றுதான் சொன்னார். ஊரில் பேசுவார்கள், உன்னைத்தான் பேசுவார்கள் என்றார். அவன் அவரை நூலகத்துக்கே கூட்டிவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். மேடம் நின்றுகொண்டே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். என்னிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "எழுது. வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதி முடித்தான். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமானால் நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு எல்லாப் புத்தகத்தையும் திருப்பித் தர வேண்டும். பச்சைப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டான். அட்டை ரத்து. வைவாவுக்கு, அதுதான் தேர்வாளர் நேரில் கேள்வி கேட்கும் நாளுக்கு, இன்னும் மாதங்கள் இருந்தன. ஊருக்குக் கிளம்பும்போது என் மேசையில் ஒரு பை கொய்யா வைத்தான். வைவாவில் தேறினால் வாத்தியார் வேலைக்குப் போகலாம், தேறாவிட்டால் அப்பா பெண் பார்த்து வைத்திருக்கிறார், தோட்டத்தோடு கட்டிப்போட்டுவிடுவார் என்றான். அதை அவன் சொன்ன விதத்தில், எதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

கோடை விடுமுறை வந்தது. நூலகத்தில் பாதி இடத்தைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்க நிர்வாகம் சொல்லிவிட்டது. இடம் வேண்டுமென்றால் பழையதைக் கழிக்க வேண்டும். சார் எண்ணைப் படிப்பார், நான் புத்தகத்தை எடுத்துக் காட்டுவேன். முதுகு போனது, தாள் நொறுங்குவது, ரொம்ப வருடம் யாரும் தொடாதது என்று ஒரு குவியல் ஆகும். ஒவ்வொரு துறைத் தலைவரும் தங்கள் துறைக் குவியலுக்குச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். பிரேமா மேடம் ஊருக்குப் போகிற அவசரத்தில் கத்தையாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்து ஆனதும் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையை முதல் பக்கத்தில் குத்துவது என் வேலை. அப்புறம் பழைய பேப்பர்காரர் வண்டியோடு வருவார்.

ஆங்கிலக் குவியலில் குத்திக்கொண்டே வந்தேன். கையில் பச்சைத் துணி தட்டுப்பட்டது. நான் போட்ட காலிகோ முதுகு. தாள் நொறுங்குகிறது, அதனால் குவியலில் விழுந்திருக்கிறது. முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தேன்.

கையெழுத்தான பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்னால் சார் எடுக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். வெளியே போயிருக்கும் புத்தகத்தைக் கழிக்க முடியாது என்பதும் சாருடைய விதிதான். அதுவும் எனக்குத் தெரியும்.

"சார், இது வெளியில இருக்கு" என்றேன்.

"எங்க வெளியில?"

"எங்கிட்ட."

"எப்ப எடுத்த?"

"இப்பத்தான் எடுக்கப் போறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. "ஸ்டாஃப் அட்டை இருக்கா?" என்றார்.

இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் போல எனக்கும் போட்டார்கள். அதில் ஒரு தேதிகூட விழுந்ததில்லை. எடுத்து நீட்டினேன்.

"வரிசையில வா" என்றார்.

கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் கவுண்டரைச் சுற்றி வெளியே போய், மாணவர்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் கவுண்டர் எவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது.

"பேரு?"

"சார்..."

"பேரு?"

"மரிய பாக்கியம்."

"கையெழுத்து."

மெதுவாகப் போட்டேன். அவர் காத்திருந்தார். தேதி முத்திரையை அவரே குத்தினார், கோணாமல். "தவணைக்குள்ள கொண்டு வந்துரணும்" என்று எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்.

அதற்கப்புறம் தவணை முடியும்போதெல்லாம் நான் என் நாற்காலியில் இருந்து எழுந்து, வெளியே போய், புத்தகத்தோடு வரிசையில் நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்தே குத்துங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சார் திரும்பியே பார்க்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். "பாக்கியம்மா, இங்கிலீசு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்கள். "ஒனக்கு வந்த அளவுக்கு வந்துருச்சு" என்றேன்.

வைவா நாள் வந்தது. எங்கள் வாசிக்கும் கூடத்தில்தான் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்கிற தேர்வு. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், துறைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைப்போம், மற்றத் துறை ஆசிரியர்களும் வருவார்கள். நாற்காலி, தண்ணீர், டீ, மிக்சர் எல்லாம் என் தலையில் விழும். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். தண்டபாணி காலையிலேயே நூலகத்துக்கு வந்திருக்கிறான். பழைய அலமாரி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் மேசைகளைப் பார்த்திருக்கிறான். பழைய புத்தகமெல்லாம் பேப்பர்காரருக்குப் போய்விட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புத்தகம் என்னிடம் இருப்பதை அவனிடம் சொல்லலாம் என்று தேடினேன். அதற்குள் அவனை உள்ளே அழைத்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையில், முகத்தில் இரத்தமே இல்லாமல் நின்றான்.

வெளியூரில் இருந்து வந்த தேர்வாளர் வயதானவர். அதட்டுகிற ஆள் இல்லை. பேச்சு எல்லாம் இங்கிலீசில். நான் பின்னால் டீத் தட்டோடு நின்றேன். முதலில் அவன் நன்றாகத்தான் பேசினான், பிள்ளைகள் தலையாட்டினார்கள். பிறகு தேர்வாளர் ஒரு சின்னப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கோட்டு என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது. தண்டபாணி ஏதோ சொன்னான். பிரேமா மேடம் எழுந்து ஏதோ சொன்னார். தேர்வாளர் தலையை ஆட்டிவிட்டுக் கையை விரித்தார். கூடம் அமைதியாகிவிட்டது. அது நான் வைத்திருக்கிற அமைதி மாதிரி இல்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த குருசாமி சார் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்திலும் அவர் குரல் மாறவில்லை. "பாக்கியம், ஒன் பேர்ல ஒரு புத்தகம் இருக்குல்ல? இன்னைக்குத் தவணை" என்றார்.

தட்டை அவர் மடியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில், என் இழுப்பறையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் நடுவில் நடந்து போய், தேர்வாளர் முன்னால் வைத்தேன்.

தண்டபாணி புத்தகத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அதைத் தொடக்கூட அவனால் முடியவில்லை. மேடம்தான் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார்.

நடந்த பேச்சைச் சார் பிறகு எனக்குச் சொன்னார். உன் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கோட்டு மேல்தான் நிற்கிறது, நான் ஆயுள் முழுக்க நடத்திய கதையில் கோட்டே இல்லை, இருக்கிற புத்தகத்தைக் காட்டு, காட்ட முடியாவிட்டால் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று தேர்வாளர் கேட்டிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் பார்த்தது சரி, நான் பார்க்க வேண்டாமா என்றிருக்கிறார். அது நியாயமான கேள்விதான்.

தேர்வாளர் படித்தார். எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி படித்தார். பிறகு கண்ணை எடுக்காமலே ஒன்று கேட்டார். கல்லை ஏன் வைத்தான் என்று கேட்டாராம்.

தண்டபாணிக்கு இங்கிலீசு போய்விட்டது. தமிழில்தான் வந்தது.

"காத்துல போயிரக் கூடாதுங்க. நாளைக்கு அவன் வந்து எடுத்துப் போட்டுக்கோணும். அங்க குளிருங்க."

தேர்வாளர் புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். அவரும் தமிழுக்கு வந்தார். "நான் இத்தன வருசமா நடத்துனது பாதிக் கதை தம்பி. மீதிய நீ நடத்து" என்றார். முதலில் கைதட்டியது பிரேமா மேடம். கடைசி வரிசை வரைக்கும் தட்டினார்கள். பாணியக்கா என்று பெயர் வைத்தவனும் அங்கே உட்கார்ந்திருந்தான், அவனும் தட்டினான். நான் தட்டவில்லை. டீயை எல்லாருக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

தண்டபாணி இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். என் ஓய்வு விழாவுக்கு வந்தான், கூட ஒருவரை அழைத்து வந்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "இவரு எங்கூட இருக்கறவருங்கம்மா" என்றான். நான் இருவருக்கும் இலை போட்டேன். "கூட்டு, வெஞ்சனம் பத்துதா பாரு, அவரு கூச்சப்படுறாரு, நீயே வச்சு விடு" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

நான் முன்னால் ஓடிவிட்டேன். வைவாவுக்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முடியாது.

வைவா அமளியில் தவணை முத்திரை விழாமல் போய்விட்டது. மறுநாள் கூடம் திறந்ததும் முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வெளியே போய் நின்றேன். அன்றைக்கு எனக்கு முன்னால் ஆள் இருந்தது, எனக்குப் பின்னாலும் இருந்தது. என் முறை வந்ததும் புத்தகத்தை நீட்டினேன்.

சார் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். முத்திரையை எடுக்கவில்லை.

"நீட்டிக்க முடியாது" என்றார்.

"ஏன் சார்?"

"வேற ஆளு கேட்டிருக்கு. கேட்டவங்க காத்துக்கிட்டிருந்தா எடுத்தவங்களுக்கு நீட்டிக்கிறதில்ல. விதி தெரியாதா?"

"யாரு கேட்டாக?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார். முதலில் பிரேமா மேடமாம், வகுப்பில் முழுக் கதையையே நடத்தப் போகிறாராம். அவருக்குப் பின்னால் முதுகலைப் பிள்ளைகள். அதற்கும் பின்னால், எனக்கு அடுத்து வரிசையில் நிற்கிற பெண்ணைக் காட்டினார். அவளும் அதற்குத்தான் வந்திருந்தாள்.

நான் அட்டையை வாங்கிக்கொண்டேன். கவுண்டரைச் சுற்றி உள்ளே போனேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தேன்.

"அடுத்தாளு வாங்க" என்றேன்.